‘மௌன ராகம்’ படத்தை முதல்முறை பார்க்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: “எனக்கு வயது 24. ‘மௌன ராகம்’ படத்தை ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. ‘மிஸ்டர் சந்திரமௌலி’ காட்சியும் பாட்டுகளும் மட்டும் ஏகப்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் அந்த மாதிரி ஒரு காதல் படம் வந்ததே இல்லை என்கிறார்கள். நாற்பது வருடப் பழைய படம் இன்றைக்கு ஒத்துவருமா? பார்க்கும் முன் என்ன தெரிந்திருந்தால் நல்லது? தயவுசெய்து முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.”

முடிவைச் சொல்ல மாட்டேன். அதற்கு எனக்கென்று ஒரு காரணமும் உண்டு, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் துண்டுகளை வைத்துப் படத்தைக் கற்பனை செய்திருந்தால், அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். கார்த்திக் மனோகராக வரும் பகுதி மொத்தமே அரைமணி நேரச் சொச்சம்தான். படத்தின் நடுவில், கதாநாயகி தன் பழைய கதையைச் சொல்லும்போது வந்துவிட்டுப் போகிறது. மணிரத்னம் இந்தக் கதையை முதலில் ‘திவ்யா’ என்ற பெயரில் ஒரு சிறுகதையாகத்தான் யோசித்தார். அதில் மனோகர் என்று ஒருவன் கிடையாது. படம் ஓட வேண்டுமே என்கிற கணக்கில் அந்தப் பாத்திரம் பிற்பாடு சேர்ந்தது. சேர்ந்தவன் படத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டான்! அவன் ஓட்டலில் உட்கார்ந்து கதாநாயகியின் அப்பாவை ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது 32 வருடம் கழித்து, 2018இல், கார்த்திக்கும் அவர் மகன் கௌதமும் நடித்த ஒரு படத்துக்கே தலைப்பாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘மௌன ராகம்’ எந்த வீட்டில் நடக்கிறதோ, அந்த வீட்டுக்குள் மனோகர் காலடி வைப்பதே இல்லை.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன், அது தெரிந்தால் நஷ்டமில்லை. திவ்யா சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண். வாய்த்துடுக்கு, விளையாட்டுத்தனம், வீட்டையே கலகலப்பாக வைத்திருக்கும் சுபாவம். அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. வந்தவர்கள் சலித்துப் போய்க் கிளம்பிவிடட்டும் என்று வேண்டுமென்றே மழையில் ஆடிவிட்டு நேரம் கழித்து வீடு திரும்புகிறாள். மாப்பிள்ளை சந்திரகுமார் போகாமல் உட்கார்ந்திருக்கிறான். தனியாகப் பேசச் சொல்லி விடுகிறார்கள். தன்னிடம் இருக்கும் குறையை எல்லாம் அடுக்கி, நான் உங்களுக்குச் சரிப்பட மாட்டேன் என்கிறாள். அந்த வெளிப்படையான பேச்சுதான் பிடித்திருக்கிறது என்கிறான் அவன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, அம்மாவின் கண்ணீர், அப்புறம் என்ன, கல்யாணம். இருவரும் டெல்லிக்குக் குடிபோகிறார்கள்.

போன புதிதில், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அவன் கேட்கிறான். விவாகரத்து வேண்டும் என்கிறாள்.

இந்த இடத்தில் நீங்கள் 24 வயதின் கண்ணைக் கழற்றிவிட்டு 1986க்குப் போய் உட்கார வேண்டும். அதுவரை நம் படங்களில் ஒரு பெண் கணவனை விட்டு விலகுகிறாள் என்றால், பெரும்பாலும் அவன் குடிகாரனாகவோ கொடுமைக்காரனாகவோ இருப்பான். இயக்குநரே நமக்கு ஒரு நியாயத்தைக் கையில் கொடுத்துவிடுவார். இங்கே சந்திரகுமார் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வரதட்சணை கேட்கவில்லை. படித்தவன், நல்ல வேலை, மரியாதையாகப் பேசுகிறான். அவனிடம் ஒரு குறையும் இல்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அந்த வசனம் வந்த காலத்தில் ஊரெல்லாம் பேச்சானது. மேலோட்டமாகக் கேட்டால் திமிராகத் தெரியும். ஆனால் அதற்கு முன்பே, முதலிரவு அறைக்குள் அனுப்பும் அம்மாவிடம், இரண்டு நாளைக்கு முன்னால் இதே ஆளோடு என்னை இப்படித் தனியாக அனுப்பியிருப்பாயா என்கிற பொருளில் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறாள். படத்தின் விதை அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். தாலி கட்டியதும் ஒரு அந்நியன் அந்நியனாக இல்லாமல் போய்விடுவானா? அம்மாவிடம் பதில் இல்லை. அடுத்த இரண்டு மணி நேரம் படம் அதைத்தான் கிளறுகிறது.

அதனால் முதல்முறை பார்க்கும்போது ‘மனோகர் எப்போது வருவான்’ என்று காத்திருக்காதீர்கள். அவன் வருவதற்கு முன் இருக்கும் பகுதியை வேகமாகத் தள்ளிப் பார்த்தீர்கள் என்றால், பின்பாதியில் அவள் முகத்தில் நடப்பது எதுவும் உங்களுக்குப் பிடிபடாது.

திவ்யாவாக வரும் ரேவதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1983இல் பாரதிராஜாவின் ‘மண் வாசனை’யில் அறிமுகமானவர். ‘மௌன ராகம்’ வெளியான 1986 ஆகஸ்ட் 15 அன்று அவருக்கு வயது இருபது. இருபது! துள்ளல், வெறுப்பு, குற்ற உணர்ச்சி, அப்புறம் தனக்கே புரியாமல் ஒரு மனிதன்மேல் பிடிப்பு விழுவது, எல்லாவற்றையும் அந்த வயதில் தூக்கிச் சுமந்திருக்கிறார். வசனத்தைவிட அவர் கைகளைக் கவனியுங்கள் என்பேன். தனியாக இருக்கும்போது ஓயாமல் அலையும் கை, கணவன் அறைக்குள் வந்ததும் எப்படி ஒடுங்குகிறது என்று பாருங்கள். ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு கதையில் வரும், அதையும் கண்ணில் வைத்திருங்கள். அதற்குமேல் கொலுசைப் பற்றிப் பேசினால் வாக்கை மீறியவனாவேன்.

சந்திரகுமாராக வரும் மோகன் விஷயம் வேறு. ‘பயணங்கள் முடிவதில்லை’ காலத்திலிருந்து மைக்கைப் பிடித்துப் பாடும் வேடங்களாகவே வந்ததில் ‘மைக் மோகன்’ என்றே பெயர் ஒட்டிக்கொண்ட நடிகர். அவர் படம் என்றால் பாட்டுக்காகவே கூட்டம் வரும். இங்கே அவரை முக்கால்வாசிப் படத்துக்கு வாயை மூடி உட்கார வைத்துவிட்டார்கள். அதோடு, நீங்கள் கேட்கப்போகும் குரல் மோகனுடையது கிடையாது. பாடகர் எஸ்.என். சுரேந்தர்தான் அந்த நாட்களில் அவருக்கு வழக்கமாகக் குரல் கொடுத்தவர், இதிலும் அவரே. இது தெரிந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல், யாரையும் புண்படுத்தாமல், ஆனால் கொஞ்சம் எட்டவே நிற்கிற அந்தக் குரல் சந்திரகுமாருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பேச்சு ஒருவருடையது, மௌனம் மட்டும் மோகனுடையது. அந்த மௌனத்தை அவர் நன்றாகவே செய்திருக்கிறார்.

இதில் இன்னொரு கொசுறுத் தகவல். 1980இல் மகேந்திரன் எடுத்த ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யிலும் இதே சிக்கல்தான்: ஒருவனைக் காதலித்த பெண் வேறொருவனுக்கு மனைவியாகி அவனோடு ஒட்ட முடியாமல் தவிக்கிறாள். அதில் சுஹாசினியின் பழைய காதலனாக வந்தவர் இதே மோகன், கணவனாக வந்தவர் பிரதாப் போத்தன். ஆறு வருடத்தில் மோகன் காதலன் நாற்காலியிலிருந்து எழுந்து கணவன் நாற்காலிக்கு வந்துவிட்டார்.

உண்மையில் இந்த முக்கோணம் நம் சினிமாவுக்குப் பழக்கமானதுதான். 1962இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்தது. புற்றுநோயோடு வரும் கணவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டரே மனைவியின் முன்னாள் காதலன். 1981இல் பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’. அதில் கணவனே மனைவியைப் பழைய காதலனிடம் சேர்த்துவைக்கப் பார்க்கிறான், குறுக்கே தாலி வந்து நிற்கிறது. இரண்டும் பெரிய படங்கள்தான், இரண்டையும் இன்றைக்குப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அவற்றில் முடிச்சை அவிழ்ப்பது மரணம், தியாகம், தாலியின் புனிதம் என்று ஏதாவது ஒரு பெரிய கை. ‘மௌன ராகம்’ அந்தப் பெரிய கைகளை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, இரண்டு பேரை ஒரு வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறது. காபி போடுவது, சாவி கொடுப்பது, கதவைத் திறப்பது என்று சின்னச் சின்ன விஷயங்களில் கதை நகர்கிறது.

கதவைச் சாத்துவது யார் தெரியுமா? சட்டம். விவாகரத்துக்குப் போகிறவர்களிடம், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் ஒரே வீட்டில் காத்திருக்கிறார்கள். இதைக் கதைக்காக இழுத்துவிட்ட சாக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதுதான், விதிவிலக்கான கஷ்டம் இருந்தால் தவிர. முதலில் அந்தக் காத்திருப்பு மூன்று வருடமாக இருந்தது. 1976இல் திருத்தம் கொண்டுவந்து ஒரு வருடமாகக் குறைத்தார்கள். இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்கிற 13-பி பிரிவும் அதே திருத்தத்தில்தான் வந்தது. அதாவது திவ்யா கேட்கிற பரிசு அப்போது பத்து வருடப் புதுச் சரக்கு. நம் வீடுகளில் பலருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

சட்டம் தெரிந்தவர்கள் ஒரு ஓட்டையைச் சுட்டுவார்கள். மனமொத்துப் பிரிவதற்கு, மனுப் போடும் முன் ஒரு வருடமாவது ‘பிரிந்து வாழ்ந்திருக்க’ வேண்டும், இவர்கள் சேர்ந்தல்லவா இருக்கிறார்கள் என்று. நியாயம்தான். ஆனால் 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்வதுதான் என்று சொன்னது. படம் ஐந்து வருடம் முன்பே அந்த வாழ்க்கையைத் திரையில் காட்டிவிட்டது. ஒரே சமையலறை, ஒரே வாசல், ஒரே தொலைபேசி, ஆனால் பிரிந்து வாழ்கிறார்கள். இந்த வரி மனதில் இருந்தால் பின்பாதியின் ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி தெரியும்.

அடுத்து ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம். இவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது உப்பில்லாப் பண்டம். அந்தக் காலக் குடும்பப் படங்களில் வீட்டுக்குள் காட்சி என்றால், நான்கு பக்கமும் விளக்கைப் போட்டு முகத்தைப் பளிச்சென்று காட்டுவார்கள். நிழலே விழாது. ஸ்ரீராம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம் வருகிற மாதிரி வைத்தார். முகத்தில் பாதி இருட்டு. ஆள் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து தலைமுடியின் ஓரம் மட்டும் மினுங்கும். இன்றைக்கு இது எல்லா விளம்பரத்திலும் வருவதால் உங்களுக்குப் புதுசாகத் தெரியாது. அது அவர்கள் வென்றதற்கு அடையாளம். படத்தில் அந்த வெளிச்சம் சும்மா அழகுக்காக இல்லை என்பதைக் கவனித்தால் போதும். சென்னை வீட்டில் எப்போதும் ஆட்கள், சத்தம், குறுக்கே யாராவது ஓடுவார்கள். டெல்லி வீட்டில் இரண்டே பேர், நடுவில் நிறைய வெற்றிடம். ஒரே சட்டகத்தில் இருவரும் இருந்தாலும் இடையில் ஒரு கதவோ தூணோ இருட்டோ இருக்கும். அந்த இடைவெளி எந்தக் காட்சியில் குறைகிறது என்று பாருங்கள், வசனம் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். கலை தோட்டா தரணி, படத்தொகுப்பு லெனினும் வி.டி. விஜயனும். அடுத்த வருடமே ‘நாயகன்’ வரப்போகிறது, அதற்கான ஆட்கள் இங்கேயே கூடிவிட்டார்கள்.

மணிரத்னத்துக்கு இது ஐந்தாவது படம். கன்னடத்தில் ‘பல்லவி அனுபல்லவி’, மலையாளத்தில் ‘உணரூ’, 1985இல் தமிழில் ‘பகல் நிலவு’, ‘இதயக் கோவில்’. அவரை ஊர் திரும்பிப் பார்த்தது இதற்குப் பிறகுதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

பாட்டுகள் உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். ஐந்து பாட்டு, ஐந்தும் வாலி, இசை இளையராஜா. ஆனால் பாட்டு மட்டும் தெரிந்தவர்களுக்குப் படத்தில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ பாட்டை நாம் பேருந்தில், கல்யாண மண்டபத்தில், பின்னிரவு வானொலியில் எல்லாம் காதல் பாட்டாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது காதல் பாட்டே கிடையாது. மன்றம்வரைக்கும் வந்த தென்றலுக்கு மஞ்சத்துக்கு வர மனசில்லையா என்று, பக்கத்தில் இருந்தும் எட்டாமல் இருப்பவளை நினைத்து ஒரு கணவன் புழுங்கும் பாட்டு. தாமரை இலைமேல் தண்ணீர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு வழக்கை எடுத்துத் தலைவன் தலைவிக்குப் போட்டிருப்பார் வாலி. எஸ்.பி.பி. அதை எங்கேயும் குரலை உயர்த்தி அழாமல் பாடியிருப்பார். கதையோடு சேர்த்துக் கேட்டபின் அந்தப் பாட்டைக் கல்யாண மண்டபத்தில் யாராவது பாடினால் உங்களுக்குச் சிரிப்பு வரும், ஜாக்கிரதை. 2007இல் பால்கி எடுத்த ‘சீனி கம்’ இந்திப் படத்தின் தலைப்புப் பாட்டு இதே மெட்டுதான். அதற்கும் ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம்.

பாட்டைவிடப் பின்னணி இசையைக் காதில் வாங்குங்கள் என்பதுதான் என் சிபாரிசு. இளையராஜா நிறுத்தும் இடங்கள் இந்தப் படத்தில் பிரமாதம். இருவரும் பேசாமல் நிற்கும்போது, வேறு யாராக இருந்தாலும் வயலினை இழுத்துவிடுவார்கள். இவர் பல இடங்களில் சும்மா விடுகிறார். அதனால் இசை வரும்போது அதற்கு ஒரு எடை இருக்கிறது.

சரி, ‘இன்றைக்கு ஒத்துவருமா’ என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஒத்துவரும் என்று பூசி மெழுகப் போவதில்லை.

போன வருடம் என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். கல்லூரியில் மனோகர் ஒலிபெருக்கியில் திவ்யாவின் பெயரைச் சொல்லிக் காதலை அறிவிக்கும் இடத்தில், நான் பழைய ஞாபகத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. “மாமா, இதை எங்க காலேஜ்ல ஒருத்தன் செஞ்சா நாங்க கம்ப்ளெயின்ட் குடுப்போம்” என்றாள். என்ன பதில் சொல்ல? வாயை மூடிக்கொண்டேன். கார்த்திக்கின் துறுதுறுப்பு இல்லாவிட்டால் அந்தக் காட்சிகளில் பாதி இன்றைக்கு நிற்காது. மனோகர் எந்த அரசியலுக்காகப் போராடுகிறான், அவனுடைய கூட்டம் என்ன கூட்டம் என்பதெல்லாம் புகைமூட்டமாகத்தான் இருக்கும். கோபக்கார நல்லவன் என்று காட்டுவதற்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். டெல்லிப் பகுதியில் சர்தார்ஜியை வைத்து வரும் நகைச்சுவை இன்றைக்குக் கொஞ்சம் நெளிய வைக்கும். வி.கே. ராமசாமி வரும் இடங்களில் அவருக்காகச் சிரிக்கலாம், கதைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

ஆனால் அதே அக்கா மகள் படத்தை ஒரு இடத்தில் நிறுத்தினாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, திவ்யா கல்யாணத்துக்குத் தலையாட்டும் இடம். நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். “இது மட்டும் மாறவே இல்லைல்ல” என்றாள். அவள் வீட்டில் அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அத்தானுக்கும் போன ஆடியில்தான் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குமேல் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. படத்தைத் தொடர்ந்தோம்.

ஆகவே என் பதில்: ஓட்டல் காட்சியும் ஒலிபெருக்கிக் காட்சியும்தான் பழசாகியிருக்கின்றன. எல்லோரும் கொண்டாடும் பகுதிக்குத்தான் வயசாகிவிட்டது, யாரும் துண்டாக வெட்டிப் பரப்பாத டெல்லி வீடு அப்படியே இருக்கிறது. 2013இல் ‘ராஜா ராணி’ வந்தபோது எல்லோரும் உடனே ‘மௌன ராக’த்தை நினைத்ததும் அதனால்தான். இஷ்டமில்லாமல் சேர்த்துவைக்கப்பட்ட இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு இன்னும் கிராக்கி குறையவில்லை.

சந்திரகுமார் விஷயத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ‘அய்யோ பாவம், நல்ல மனுஷன்’ என்று சொல்லிவிடாதீர்கள். முதல்முறை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். இரண்டாவது முறை பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. பெண் பார்க்கும் அன்றே அவள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறாள். அவன் அதை ரசிக்கிறான், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் மறுப்பைச் சுவாரசியமான குணமாக எடுத்துக்கொண்ட மனிதன் அவன். பிறகு வரும் அவனுடைய பொறுமை, கண்ணியம், ஒரு கட்டத்தில் அவன் காட்டும் விறைப்பு, எல்லாவற்றையும் அந்த முதல் நாளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். படம் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கும் அந்தக் காத்திருக்கும் காலம் ஒரு படிப்புதான்.

பார்க்கும் விதம் பற்றி இரண்டு வார்த்தை. படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒரே மூச்சில், இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கைபேசித் திரையில் வேண்டாம், ஸ்ரீராமின் இருட்டு அதில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். தொலைக்காட்சியில் போடும்போது பார்ப்பதும் வீண், நடுநடுவே விளம்பரம் வந்து மௌனத்தைக் கொத்திப் போட்டுவிடும். பாட்டு வந்தால் தாண்டாதீர்கள். நண்பர்கள் கூட்டத்தோடு பார்த்தால் ‘மிஸ்டர் சந்திரமௌலி’ இடத்தில் எல்லோரும் கூடவே கத்துவார்கள், அது ஒரு ஜாலி. ஆனால் முதல்முறைக்குத் தனியாகவோ, பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒருவரோடோ பாருங்கள்.

இப்போது, நான் முடிவைச் சொல்லாததற்கு என் காரணம்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம். டிவியும் வீடியோ டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துவந்து, மூன்று கேசட் போடுவது அப்போதைய வழக்கம். தெருவே வந்து உட்காரும். முதல் கேசட் எம்.ஜி.ஆர்., இரண்டாவது ரஜினி. மூன்றாவதாக இதைப் போட்டபோது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். ஆண்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். என்னோடு வந்த பையன்கள் எல்லாம் பாயில் சுருண்டுவிட்டார்கள். எனக்குப் பதினோரு வயது, அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டே பார்த்தேன். அம்மா பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மறுநாள் குழம்புக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என் தலைக்கு மேலே தோல் பிதுங்கும் சத்தமும் பருப்பு முறத்தில் விழும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

விவாகரத்து வேண்டும் என்று அவள் சொன்ன இடத்தில் அந்தச் சத்தம் நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். அம்மாவின் கையில் பாதி உரித்த மொச்சை அப்படியே இருந்தது. பெரியம்மா, “ஏட்டி, இவளுக்கு என்ன கேடு, ராசா மாதிரி மாப்பிள்ளை” என்றாள். மதினி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கொஞ்ச நேரம் கழித்து, “அவளுக்குப் பிடிக்கலங்கா. அதுக்கு அவ என்ன செய்வா” என்றாள். மறுபடி மொச்சைச் சத்தம் தொடங்கியது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், அவள் ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில், கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. விடிந்ததும் டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னொரு தெருவில் முன்பணம் கட்டியிருந்தார்கள். அந்த இருட்டில் உட்கார்ந்து, அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியம்மா ஒரு முடிவு சொன்னாள், மதினி ஒன்று சொன்னாள். எல்லோரும் சொல்லி ஓய்ந்தபின் அம்மா ஒன்று சொன்னாள். யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

நான் உண்மையான முடிவைப் பார்த்தது ஆறேழு வருடம் கழித்து, கல்லூரியில் சேர்ந்தபிறகு. ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டே கேட்டாள். “அப்படியா முடிச்சிருக்கான்?” என்றாள். பிறகு, “நான் சொன்னதுதான் நல்லாருந்துச்சு” என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அம்மா சொன்ன முடிவு என்ன என்று அப்போது சொல்கிறேன்.